காலை பத்து இருபது

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஸனூஸ் நானாவின் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து, தான் எழுதியதை இன்னொருவர் சத்தமாக வாசிக்கக் கேட்பது சார்ஜன் சிவஞானத்துக்கு நான்கு வருடப் பழக்கம். ஸனூஸ் நானா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, போனை ஒரு கைத்தூரத்தில் பிடித்துக்கொண்டு, பெட்டிக்குள் இருக்கும் ரோல்ஸுக்கும் மீன் பணிசுக்கும் வாசித்துக் காட்டுகிறவர் போல வாசிப்பார். வெலிமடையிலிருந்து கரட் மூட்டையோடு வந்தவர்கள், தோட்டத்து பஸ்களின் கண்டக்டர்கள், ஆஸ்பத்திரியில் நம்பர் எடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் எல்லோரும் கேட்பார்கள். எழுதியவர் மூலை மேசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பால் விடாத பிளேன்டியை ஊதிக் குடித்துக்கொண்டிருப்பார்.

"இவன் ஆருண்டு தெரியல சார்ஜன். ஆனா பொலிஸ்காரன்தான். பொலிஸ்ல ஈக்கிற ஒருத்தனுக்குத்தான் இவ்வளவு அலுப்பு வரும்," என்பார் நானா.

சிவஞானம் முகத்தை மாற்றாமல் இருக்கப் பழகியிருந்தார். பதினெட்டு வருட வேலையில் பழகியது அது.

போனில் நடத்திவந்த அந்த இணையப் பக்கத்துக்கு 'மேசைக்கு இந்தப் பக்கம்' என்று பெயர் வைத்திருந்தார். எழுதுகிறவர் பெயர் கிடையாது, படம் கிடையாது. நமுனுகுல மலைக்குப் போகும் வழியில் இருக்கும் ஒரு பொலிஸ் நிலையத்தில், தமிழில் முறைப்பாடு எழுதத் தெரிந்த ஒரே ஆள் அவர். காலையில் பஸ்ஸில் போகும்போது ஒரு மணி நேரம், திரும்பி வரும்போது ஒரு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனில் எழுதுவார். பனி வந்து கண்ணாடியில் ஒட்டும். தேயிலை மலைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போகும். யாரும் கேட்காத கேள்விகளுக்கு அவர் பதில் எழுதிக்கொண்டு போவார். முறைப்பாடு கொடுக்கத் தொழிற்சங்கத் தலைவரைக் கூட்டிக்கொண்டு வரத் தேவையில்லை. எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், வாசித்துக் காட்டாததில் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழில் எழுதச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. தமிழ் தெரிந்தவர் லீவில் இருந்தால் அடுத்த நாள் வாருங்கள், அவருக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது.

அதிகம் பேர் வாசித்தது சமாதான என்ட்ரியைப் பற்றி எழுதியதுதான். புருசன் பெண்சாதியை அடிப்பான். இரண்டு பேரையும் மேசைக்கு முன்னால் உட்கார வைத்து, 'இனிமேல் பிரச்சினைப்பட்டுக்கொள்ள மாட்டோம், சமாதானமாகப் போகிறோம்' என்று எழுதி இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்குவது. அவனும் நம்ப மாட்டான், அவளும் நம்ப மாட்டாள், எழுதுகிறவனும் நம்ப மாட்டான். 'நான் இதுவரை எழுதிய பொய்களை அடுக்கினால் இந்த அலுமாரி போதாது' என்று அதை முடித்திருந்தார். ஸனூஸ் நானா அந்த வரியை வந்தவர் போனவருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தன் பக்கத்தில் பொய் எழுதுவதில்லை என்று சிவஞானம் வைத்திருந்தார். பெயரை மாற்றுவார், ஊரை மாற்றுவார். நாளையும் நேரத்தையும் மட்டும் மாற்ற மாட்டார். ஒவ்வொன்றையும் பொலிஸ் புத்தகத்தில் எழுதுவது போலவே நாள், நேரம், மழையா வெயிலா என்று தொடங்குவார். தலைப்பில் நேரம் இல்லாத என்ட்ரி செல்லாது. கை அப்படிப் பழகிவிட்டது.

அந்த மார்ச் மாதத்தில் எழுதியதும் அப்படித்தான் தொடங்கியது. 'மார்ச் பதினொன்று, செவ்வாய். காலை 10.20. தூறல்.'

அன்றைக்கு வந்தவள் ஆனப்பாறைத் தோட்டத்துக் கீழ் டிவிசனில் தேயிலைக் கொழுந்தெடுக்கும் கருப்பம்மா. நாற்பத்தைந்து வயதிருக்கும். இடுப்பில் கட்டும் படங்கை மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தாள். கணுக்காலில் அட்டை கடித்த இடத்திலிருந்து ரத்தம் கோடாக இறங்கியிருந்தது. உட்காரச் சொன்னார். சேலை ஈரம் என்று உட்காரவில்லை. தேத்தண்ணி வேண்டாம் என்றாள். பிறகு, சுவரைப் பார்த்துக்கொண்டே, ஏழாம் நம்பர் மலைக்குக் கீழே ஓடையில் கசிப்பு, கள்ளச்சாராயம், காய்ச்சுகிறார்கள் என்று சொன்னாள். காய்ச்சுவது ராசமாணிக்கம், அவளுடைய லய வரிசை வீடுகளிலேயே இருப்பவன். தன் புருசனுக்கு ஒரு மாதமாக வெளிச்சத்தைப் பார்த்தால் பனி மூடின மாதிரித் தெரிகிறதாம். போன கிழமை அடுப்புக் கட்டை என்று நினைத்துப் பூனையைத் தூக்கப் போனாராம்.

"எம் பேர மட்டும் எழுதிறாதீங்க ஐயா," என்றாள்.

சிவஞானம் பேனாவை மூடி மேசையில் வைத்தார். தனக்குக் கிடைத்த தகவல் என்று மட்டும் புத்தகத்தில் பதிந்தார். அடுத்த நாள் விடியற்காலையில் பொலிஸ் போனது. பீப்பாய்களை உடைத்தார்கள். ராசமாணிக்கத்தையும், சாமான் ஏற்றிய அவனுடைய ஆட்டோவையும் கொண்டுவந்தார்கள்.

இரண்டு கிழமை கழித்து, சூடு ஆறியிருக்கும் என்று நினைத்து, அதை எழுதினார். தோட்டத்தை வெலிமடைப் பக்கத்துக் காய்கறித் தோட்டமாக்கினார். கொழுந்தெடுப்பவளைக் கிழங்கு கிண்டுபவளாக்கினார். ஈரச் சேலையையும் பேனாவை மூடி வைத்ததையும் எழுதினார். எழுதி முடித்தபோது, அது நல்லதொரு எழுத்து என்று அவருக்கே தோன்றியது. மனைவி தவமலரிடம் வாசிக்கக் கொடுத்தார். அவள் பதுளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். பக்கத்தை எழுதுவது அவர்தான் என்று தெரிந்த ஒரே ஆள் அவள்.

"நேரத்த ஏங்க போடுறீங்க?" என்று கேட்டாள்.

நேரமில்லாவிட்டால் அது கதையாகிவிடும் என்றார் சிவஞானம்.

*

ஏப்ரல் முதல் ஞாயிறு. சிவஞானத்துக்கு லீவு. சாரத்தோடு கடைக்குப் போனவர், மூலை மேசையில் கருப்பம்மா உட்கார்ந்திருப்பதைக் கண்டார். விடிந்ததும் புறப்பட்டு முதலில் பொலிஸ் நிலையத்துக்குப் போயிருக்கிறாள். அவர் பதுளையில் இந்தக் கடையில் தேத்தண்ணி குடிப்பார் என்று அங்கே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவளுக்கு முன்னால் வைத்த தேத்தண்ணியில் ஆடை படர்ந்திருந்தது.

எதிரே உட்கார்ந்தார். கண் எப்படி என்று விசாரித்தார். குடி நின்று மூன்று கிழமை, கை நடுங்குகிறது, சுவரில் சாய்ந்தபடியே இருக்கிறார், கண் மங்கியது மங்கியபடி இருக்கிறது என்றாள். வேறு எதையோ சொல்ல வந்திருக்கிறாள் என்பது தெரிந்தது. காத்திருந்தார்.

"பத்து இருபதுன்னு எழுதியிருக்கே ஐயா. அது நீங்கதானே?"

"எது?" என்றார், வேலைப் பழக்கத்தில்.

"அந்த ரூம்ல நீங்களும் நானுந்தான் இருந்தோம். சொவத்துல கடியாரம் இருந்துச்சு. நா பேசறப்ப நீங்க திரும்பி அதப் பாத்தீங்க. எதுக்குப் பாக்குறாருன்னு அப்பவே நெனச்சேன்."

ஸனூஸ் நானா அடுப்படியில் பால் ஆற்றிக்கொண்டிருந்தார். சிவஞானம் குரலைத் தாழ்த்தினார். பேரு போடலியே அக்கா, ஊரும் வேற ஊருதானே, என்றார்.

"வெலிமடன்னுதான் போட்டிருந்தீங்க. மொதல்ல யாருக்கும் வெளங்கல. மறுநா வெடியக்காலையில புடிச்சாங்க, ஆட்டோவக் கொண்டுபோனாங்கன்னும் போட்டிருந்தீங்கல்ல? அதுல நாளப் பாத்தாங்க. நம்ம தோட்டத்துல புடிச்சதும் அதே நாளு. ஒடனே கங்காணிகிட்டப் போயி செக்ரோலக் கேட்டாங்க."

சிவஞானம் கண்ணை மூடிக்கொண்டார். மீதியை அவள் சொல்லத் தேவையில்லை. செக்ரோல் என்பது மலையில் யார் வந்தார், யார் வரவில்லை, யாருக்கு முழுநாள் கூலிக்கு முழுப் பேர், யாருக்கு அரைநாளுக்கு அரைப் பேர் என்று கங்காணி தினமும் எழுதும் புத்தகம். சிவஞானத்தின் அப்பா பக்கத்துத் தோட்டத்தில் இருபத்தெட்டு வருடம் அந்தப் புத்தகத்தில் ஒரு பேராகவே இருந்து செத்தவர். லயத்தில் பிறந்த எவனுக்கும் தெரியும், தோட்டத்தில் ஒரு ஆள் ஒரு காலைப்பொழுதைத் தொலைத்தால் அது எங்காவது எழுதப்பட்டிருக்கும் என்று. தனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவள் சொல்லித்தான் தீர்த்தாள். "அன்னிக்கி மலைக்கு வராத பொம்பள யாரும் இல்ல. அரப்பேரு மூணு பேருக்கு. ரெண்டு பேரு மத்தியானம் வரைக்கும் கொழுந்தெடுத்துட்டுப் போனவங்க. நா காலைல போயிட்டு மத்தியானத்துக்கு மேல மலைக்கு வந்தவ. பத்து இருபதுக்கு மலையில இல்லாதவ நா ஒருத்திதான் ஐயா."

அதற்குப் பிறகு நடந்ததை அவள் குரலை உயர்த்தாமல், வேறு யாருக்கோ நடந்தது போலச் சொன்னாள். யாரும் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. மலையில் அவள் நிரைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு நிரை வெறுமையாக விட்டு நிற்கிறார்கள். தண்ணீர்ப் பீலிக்குப் போனால் அவளுடைய குடம் கடைசிக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. பத்து மணிக்கு வெற்றிலை போடும்போது யாரும் அவளிடம் சுண்ணாம்பு கேட்பதில்லை. அவள் நீட்டினாலும் வாங்குவதில்லை. முப்பது வருடமாக ஒரே டப்பிச் சுண்ணாம்பில் வெற்றிலை போட்ட செல்லாயி, சுண்ணாம்பில்லாத வெற்றிலையை அப்படியே மெல்கிறாளாம்.

கசிப்புக்காகவா இவ்வளவு என்று கேட்டார் சிவஞானம்.

"கசிப்புக்கு யாரு அழுவுறா. ஆட்டோவுக்குத்தான். கீழ் டிவிசனுக்கு இருந்தது அந்த ஒரு ஆட்டோ. வயித்துக்காரி, காய்ச்சக்காரின்னா எந்நேரமும் ராசமாணிக்கம் எடுப்பான். கோயிலுக்கும் அவந்தான் மொதல் ஆளு. போன கெழமை பெரியண்ணன் மருமகள கம்பளியில கட்டி ரோட்டுக்குத் தூக்கிட்டுப் போனாங்க. ஆம்புலன்சு பெரிய ரோட்டுக்குத்தானே வரும். ரெண்டு மைலு."

அவள் தேத்தண்ணியின் ஆடையை விரலால் ஒதுக்கினாள்.

"எம் மகளுக்கு இது ஏழு மாசம் முடிஞ்சிருச்சு ஐயா. மருமகன் கொழும்புல கடையில நிக்கிறான். இவரு கண்ணு தெரியாத ஆளு. வலி வந்தா தூக்க நாலு பேரு வேணும். அந்த நாலு பேருக்கு நா எங்க போவேன்?"

கடைக்கு வெளியே பஸ் ஒன்று பின்னுக்கு வந்தது. கண்டக்டர் அதன் பின்பக்கத்தைத் தட்டித் தட்டிக் கத்தினான். சிவஞானம் போனை எடுத்தார். அந்தப் பதிவை இப்போதே அழித்துவிடுகிறேன் என்றார். அவள் தலையை ஆட்டினாள். எல்லாருடைய போனிலும் படமாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள், அழித்தால் இன்னும் உறுதியாகிவிடும்.

"யாரும் வரலன்னு எழுதுங்க. நீங்களாத்தான் கண்டுபுடிச்சீங்கன்னு எழுதுங்க."

"அக்கா, நம்ப மாட்டாங்க. கங்காணி புத்தகத்துல இருக்கே."

"நம்ப மாட்டாங்க," என்று ஒத்துக்கொண்டாள் கருப்பம்மா. "பேரு இல்லாத ஆளு சொன்னா காதுலகூடப் போட்டுக்க மாட்டாங்க. பேரு உள்ளவங்க சொன்னா, நம்பாட்டியும் கேட்டுக்குவாங்க."

 பேர் போட்டு எழுதினால் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியாது. அதை அவளிடம் சொல்லவும் அவருக்கு மனம் வரவில்லை. அனுமதி இல்லாமல் எதையும் வெளியில் எழுதக் கூடாது என்பது வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே கையெழுத்து வைத்த சட்டம். பார்க்கிறேன் அக்கா என்றார். பொலிஸ் நிலையத்தில் அவர் தினமும் பத்துப் பேருக்குச் சொல்லும் வார்த்தை அது. அவளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போனாள்.

*

பின்னேரம் தவமலர் வாசலில் லீக்ஸைப் பரப்பி வைத்து மண் உதறிக்கொண்டிருந்தாள். சிவஞானம் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் லீக்ஸின் வேரை ஒவ்வொன்றாக நறுக்கிக் கொண்டிருந்தாள். கீழே பதுளை ஊரின் தகரக் கூரைகள் மழை ஈரத்தில் மின்னின. கடைசி வெயில் ஒரு மாதிரிப் பழுப்பாக நமுனுகுலப் பக்கம் போய் நின்றது.

"மாத்திருவாங்கல்ல?" என்றாள், கடைசியில்.

"மாத்துவாங்க. தூரமா."

"எனக்கு டிரான்ஸ்பர் கெடைக்காது."

"தெரியும்."

அவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. லீக்ஸைக் கழுவுவதற்கு வேண்டியதைவிட நெடுநேரம் கேட்டது. பிறகு கையைத் துடைத்தபடி வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

"அன்னிக்கி நா கேட்டேன். நீங்க கத மாதிரி ஆயிரும்னீங்க. ஆகியிருந்தா என்னங்க கொறஞ்சு போயிருக்கும்?"

சிவஞானம் படியில் கிடந்த லீக்ஸ் வேர்களைக் கூட்டி ஒதுக்கினார். 

"எழுதிட்டு எனக்குக் காட்டுங்க," என்றாள். "நேரம் போடாதீங்க."

அதை எழுதுவதற்கு அவருக்கு இரண்டு நாள் பஸ் பயணம் பிடித்தது. இவ்வளவு காலமும் வந்ததை எழுதினார். இப்போது வராததை எழுத வேண்டியிருந்தது. பஸ் வளைவுகளில் திரும்பும்போதெல்லாம் ஒரு வரியை அழித்தார். கடைசியில் வந்தது ஒரு சமாதான என்ட்ரியின் தமிழ்தான். கை அதற்கும் பழகியிருந்தது.

'என் பெயர் சிவஞானம். நான் பொலிஸ் சார்ஜன். இந்தப் பக்கத்தை எழுதி வருபவன் நானே. ஈரச் சேலையோடு ஒரு பெண் வந்து தகவல் சொன்னதாக நான் எழுதியது என் கற்பனை. அப்படி ஒருவரும் வரவில்லை. நான் ஆனப்பாறைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். ஓடைப் பக்கம் காற்றில் புளிப்பு வாடை வந்தால் அது என்ன வாடை என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நாளும் நேரமும்கூட நான் இட்டுக்கட்டியவை. இதனால் யாருக்காவது மனக்கஷ்டம் ஏற்பட்டிருந்தால் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.'

சீருடையில் எடுத்த ஒரு படத்தையும் சேர்த்தார். தவமலர் வாசித்துவிட்டு, ஒரு எழுத்துப் பிழையைத் திருத்திக் கொடுத்தாள்.

போட்ட ஒரு மணி நேரத்துக்குள் கீழே ஆட்கள் எழுதத் தொடங்கினார்கள். அப்படியென்றால் மற்றதெல்லாம் பொய்யா என்று கேட்டார்கள். நான்கு வருடம் ஏமாற்றினாயே என்றார்கள். சமாதான என்ட்ரியைப் பற்றி அவர் எழுதிய அந்த வரியையே எடுத்து, இன்னொரு பொய்யையும் அலுமாரியில் வை என்று ஒருவர் எழுதினார். சிவஞானம் அதை மட்டும் இரண்டு முறை வாசித்தார். நல்ல வாசகர்தான், யாரோ.

அடுத்த நாள் காலை ஸனூஸ் நானா எதையும் சத்தமாக வாசிக்கவில்லை. மூலை மேசைக்குத் தானே பிளேன்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, எதிர்க் கதிரையில் உட்கார்ந்தார்.

"நாலு வருசமா ஒங்கடத ஒங்களுக்கே வாசிச்சுக் காட்டிக்கிட்டு ஈந்திருக்கேன்," என்றார். "ஒரு வார்த்த சொல்லல நீங்க."

"நல்லா வாசிப்பீங்க நானா."

நானா மேசையில் ஒட்டியிருந்த சீனியை விரலால் தட்டினார். "பொய் எழுதினேண்டு எழுதி ஈக்கீங்க. அன்டைக்கு வந்த அந்தம்மாவ நானும் கண்டேன். எது பொய்யிண்டு நான் கேக்க மாட்டேன்."

*

மூன்றாம் நாள் ஜீவன் பொலிஸ் நிலையத்துக்கு வந்தான். கீழ் டிவிசனின் தொழிற்சங்கத் தலைவர். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்து, பிறகு ஞாபகம் வந்து கழற்றினான். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தான். முறைப்பாடு ஒன்றும் இல்லை என்று முதலிலேயே சொன்னான்.

"ஒங்கட அறிவிப்ப பெரட்டுக்களத்துல நாந்தான் வாசிச்சேன் சார்ஜன். காலைல பேரு குடுக்க எல்லாரும் நிக்கிறப்ப."

"கேட்டாங்களா?"

"கேட்டாங்க. ஒருத்தரும் நம்பல."

சிவஞானம் தலையசைத்தார்.

"கங்காணி பக்கத்துலயே செக்ரோலோட நிக்கிறான். கேக்கவா வேணும்? ஒரு பொம்பள 'வாடையப் புடிச்சாராம்ல'ன்னு சொல்லிச் சிரிச்சுது. நாலு பேரு சிரிச்சாங்க." ஜீவன் ஹெல்மெட்டை மடியில் திருப்பித் திருப்பி வைத்தான். "சிரிச்சாங்கன்னுதான் நானும் பேசினேன். சார்ஜன் பேரப் போட்டு, போட்டாவும் போட்டு எழுதிட்டாரு, இதுக்கு மேல யாராவது பேசினா அவர நாம பொய்யன்னு சொன்ன மாதிரி ஆயிரும், பொலிஸோட நமக்கு எதுக்கு வம்புன்னேன். கங்காணி பொஸ்தகத்த மூடிட்டான். பேரு குடுத்துட்டு மலைக்குப் போயிட்டாங்க."

"அப்பறம்?"

"அப்பறமா? அது பொம்பளைங்க வெசயம் சார்ஜன். மலையில யாரு பக்கத்துல யாரு நிப்பாங்கன்னு நானா சொல்ல முடியும்." எழும்பி நின்றவன், போகாமல் தயங்கினான். "எங்க தாத்தா காலத்துலயெல்லாம் பொலிஸ்னா லயத்துல கதவச் சாத்துவாங்களாம். நீங்க எங்க ஆளு. அதான் கோவம் கூட. இது தொரை பக்கத்து வெளியாளு பொலிஸா இருந்தா மறந்திருப்பாங்க."

அந்தக் கிழமைக் கடைசியில் நிலையப் பொறுப்பதிகாரி, ஓ.ஐ.சி., அவரைக் கூப்பிட்டார். அனுராதபுரப் பக்கத்து மனிதர், ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது. மேசையில் அந்தப் பதிவின் சிங்கள மொழிபெயர்ப்பு கிடந்தது. யாரோ நல்ல கையெழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பக்கத்தில் மார்ச் மாதப் புத்தகம் திறந்திருந்தது. தகவல் கிடைத்ததாக இதில் உன் கையெழுத்து இருக்கிறது, இங்கே யாரும் தகவல் தரவில்லை என்று எழுதியிருக்கிறாய், இரண்டில் எது பொய் என்று கேட்டார். போனில் எழுதியதுதான் பொய் என்றார் சிவஞானம். தகவல் தந்தது யார் என்று கேட்டார். சொல்ல முடியாது சேர் என்றார்.

ஓ.ஐ.சி. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார். கோபப்படத்தான் பார்த்தார், அதற்கும் அவருக்குத் தெம்பில்லை. அனுமதி இல்லாமல் எழுதியது ஒரு குற்றம், பொய் எழுதியது இன்னொன்று, இரண்டுக்கும் ஒரே விளக்கத்தை எழுதிக்கொண்டு வா, நேரம் மிச்சம் என்றார். சிவஞானம் எழுதிக் கொடுத்தார். மேலே நாளையும் நேரத்தையும் போட்டார்.

இடமாற்றக் கடிதம் வெசாக் பண்டிகைக்கு முந்தின நாள் வந்தது. மொனராகலைப் பக்கம், சமவெளி, கரும்புக் காட்டு நடுவில் ஒரு நிலையம். தமிழில் முறைப்பாடு கொடுக்க அங்கே மாதத்துக்கு ஒருவர் வந்தால் அதிகம். தவமலர் இரண்டு சாரத்தையும், ஒரு போத்தல் லுணுமிரிஸ் சம்பலையும், தடித்த கம்பளியையும் பெட்டியில் வைத்தாள். அங்கே கம்பளி தேவைப்படாது என்றார். தெரியும் என்றாள், ஆனால் எடுக்கவில்லை.

*

புது நிலையத்தில் வெயில் காலை எட்டு மணிக்கே தகரத்தில் ஏறிவிடும். மின்விசிறி ஒரு பக்கம் சாய்ந்து சுற்றும். முன்னால் வாகை மரத்தடியில் மாடுகள் படுத்திருக்கும். அவற்றைப் பார்த்துக்கொண்டே சிவஞானம் ஒரு நாளை முடிப்பார். பக்கத்தை மூடிவிட்டார். பஸ் பயணமும் இல்லை. நிலையத்துக்குப் பின்னால் இருந்த அறையிலிருந்து மேசைக்கு வர நாற்பது அடிதான். அந்த நாற்பது அடியில் எழுதுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அந்தப் பெண் என்ன ஆனாள் என்று தெரியாதது மட்டும் செருப்புக்குள் விழுந்த கல் போல நடக்கும்போதெல்லாம் உறுத்தியது. ஜீவனுக்கு இரண்டு முறை போன் எடுத்துப் பார்த்தார். மலையில் சிக்னல் இல்லை.

ஒரு புதன்கிழமை பகல் சாப்பாட்டுக்குக் கை கழுவிக்கொண்டிருந்தபோது தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. காதில் வைத்ததும் ஆஸ்பத்திரிச் சத்தம் கேட்டது. தள்ளுவண்டிச் சில்லு, யாரோ ஒருவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது, எங்கோ ஒரு குழந்தை.

"சார்ஜன் ஐயாவா?"

"அக்கா."

"பதுளையிலருந்து பேசறேன். நர்சம்மா போனு, நம்பரு ஜீவன் குடுத்தது. வேகமாச் சொல்லிர்றேன்." மூச்சு வாங்கினாள். "மகளுக்கு வலி வந்துருச்சு. நா லயத்து வாசல்ல நின்னு கூப்புட்டேன். ஒரு பேரையும் சொல்லிக் கூப்புடல, சும்மா கூப்புட்டேன். யாரு வந்தா சரின்னு."

"வந்தாங்களா?"

"ஆறு பேரு வந்தாங்க. மொதல்ல கம்பளியத் தூக்கினது யாரு தெரியுமா? ராசமாணிக்கம். வெளிய வந்து நாலு நாளுதான். எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. வழி பூரா பேசல. ஆனா தோளு மாத்திக்கவே இல்ல. பெரிய ரோடு வரைக்கும் அவந்தான்."

சிவஞானம் ஈரக் கையோடு சுவரில் சாய்ந்தார்.

"கோயில் வளைவுல ஒருக்கா எறக்கி வச்சாங்க. பொம்பளைங்களும் நாலஞ்சு பேரு பின்னால வந்துச்சுங்க. நா தள்ளி நின்னேன். செல்லாயி பக்கத்துல வந்து நின்னா. மொகத்தப் பாக்கல, ரோட்டப் பாத்துக்கிட்டே கைய நீட்டினா." தள்ளுவண்டி ஒன்று அவளைக் கடந்து போவது கேட்டது. "சுண்ணாம்பு கேட்டா தம்பி."

தம்பி என்று அவள் சொன்னதை அவர் கவனித்தார். அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

"டப்பி மடியிலதான் இருந்துச்சு. எனக்குத்தான் தொறக்க வரல. அவளே வாங்கித் தொறந்துக்கிட்டா." மூக்கை உறிஞ்சும் சத்தம். "பொம்பளப் புள்ள. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க. அதச் சொல்லத்தான் எடுத்தேன்."

மாடு ஒன்று எழும்பி நிழலோடு நகர்ந்து படுத்தது. சிவஞானத்துக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. நல்லது, சந்தோசம், புள்ளைக்கு என்ன பேரு என்று எவ்வளவோ இருந்தது. பதினெட்டு வருடப் பழக்கம் எல்லாவற்றையும் முந்திக்கொண்டது.

"எத்தன மணிக்கு?" என்றார்.

 அழைப்பு அறுந்துவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். பிறகு, கருப்பம்மா சிரிப்பதை முதல் தடவையாகக் கேட்டார். களைத்துப்போன, காற்று மட்டும் போகிற சிரிப்பு.

"அத மட்டும் கேக்காதீங்க தம்பி," என்றாள்.